கோபத்துக்கு முன்னால் ஒரு பயம் இருக்கும்

போர்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சி சட்டென்று உச்சிக்குப் போவதும், கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும் உள்ள மனநோய்) உள்ளவரைப் பெரிய சண்டை ஒன்றுக்கு மறுநாள்தான் கிளினிக்குக் கூட்டிவருவார்கள். "சும்மா சும்மா கத்துது, சாமான் எறியுது" என்பார்கள். டொக்டருக்கு அது போதாது. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள்: கோபம் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, முதல்நாள் நித்திரை, சாப்பாடு, குடி. இந்த நோயில் மனநிலை பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் மாறும். நித்திரையே தேவைப்படாத உற்சாகமும் எரிச்சலும் நாலு நாளைக்குமேல் நீடித்தால் பைபோலரா (உற்சாகமும் சோர்வும் நாட்கணக்கில் மாறிவரும் வேறு நோய்) என்று பார்ப்பார்கள்.

குளிசையிலேயே எல்லாம் அடங்கும் என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸின் 2009 வழிகாட்டி, இந்த நோய்க்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது; நெருக்கடியில் அமைதிப்படுத்தும் மருந்தும் ஒரு கிழமைக்குள்தான். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் குளிசைகள் சிலருக்கு இருக்கிற கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். ஆனால் எடுத்துவரும் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் இந்த நோய்க்கு உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை வழக்கமாக ஒரு வருடம் போகும். அதில் கோபத்துக்குக் கைகொடுப்பது சங்கிலிப் பகுப்பாய்வு. சூடு ஆறிய பிறகு, பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். போன் சுவரில் அடிபட்டது. அதற்கு முன் "என்னை விட்டுட்டுப் போகப்போறா" என்ற நினைப்பு. அதற்கு முன் வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தும் பதில் இல்லை. அதற்கும் முன் மத்தியானம் சாப்பிடவில்லை, இரவு மூன்று மணித்தியால நித்திரை. இந்தச் சங்கிலியில் வெட்ட இலகுவான கண்ணி மத்தியானச் சோறுதான். பலர் எறிந்த இடத்திலேயே நின்று "ஏன் எறிஞ்சாய்?" என்று கேட்பதால் குற்றவுணர்வு மட்டும் மிஞ்சும்.

கோபம் உச்சியில் இருக்கும்போது யோசனை ஓடாது. உடம்பைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். குனிந்து, மூச்சை அடக்கி, குளிர்ந்த நீரில் முகத்தை 30 செக்கன் வைத்தால் இதயத் துடிப்பு இறங்கும். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் பைப்பைத் திறந்தால் மொட்டைமாடித் தாங்கியில் வெயில் குடித்த தண்ணீர்தான் வரும், அது வேலைக்காகாது. பேசினில் ஐஸ்கட்டி போடுங்கள். இதய வருத்தமோ, பட்டினி கிடப்பது போன்ற உண்ணும் கோளாறோ இருந்தால் டொக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் இலங்கையில் 1990 அம்புலன்ஸ். பேசி ஆற 1926 மனநல உதவி இலக்கம்.

வீட்டார் "சரி, விடு" என்று சொன்னால் எண்ணெய் ஊற்றினது போலத்தான். சொல்லாமல் எழும்பிப் போவது அதைவிட மோசம், பயந்ததே நடந்துவிடும். "பதில் வராதது உனக்குப் பயமா இருந்திருக்கு, விளங்குது. எறிஞ்சா நான் மற்ற அறைக்குப் போவன், அரை மணித்தியாலத்தில வருவன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அடுத்த முறை அந்த வசனத்தை யாரும் நம்பமாட்டார்கள்.