வந்தவங்க கணக்கு இருக்கு, கேட்டு நின்னவங்க கணக்கு எங்க?

எங்க லாட்ஜ் ரிசப்ஷன் மேஜை மேல எப்பவும் ரெண்டு நோட்டு இருக்கும். ஒண்ணு ரூம் ரெஜிஸ்டர், அது எல்லா லாட்ஜ்லயும் இருக்கறது தான். இன்னொண்ணு எங்கப்பா காலத்துலருந்து வர்ற நீள நோட்டு, ரூம் கேட்டு போன் பண்ணவங்க பேரு, எந்த தேதி, எத்தன பேரு, கடைசில அவங்க வந்தாங்கன்னா ஒரு டிக், வரலன்னா ஒரு கோடு போட்டு ஏன் வரலன்னு ரெண்டு வார்த்தை எழுதி வெப்போம். "டிக்கெட் கிடைக்கல". "அங்கயே ஆபரேஷன்". "தவறிட்டாரு". 2024 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் அந்த நோட்ட புரட்டினா பக்கத்துக்கு பக்கம் ஒரே வார்த்தை தான், விசா, விசா, விசா.

வேலூர்ல சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு தடவ நடந்து பார்த்தவங்களுக்கு நான் எந்த ஊர பத்தி பேசறேன்னு புரியும். காந்தி ரோட்டுலருந்து பாபு ராவ் தெருக்குள்ள திரும்பினா போர்டு பாதி பெங்காலில இருக்கும், மெஸ்ஸுங்கள்ள கடுகெண்ணெய் வாசனை, மருந்து கடை பையன் கூட பெங்காலில மாத்திரை எப்ப போடணும்னு சொல்வான். மேற்கு வங்காளத்துலருந்து வர்றவங்க ஹவுரால ஏறி காட்பாடில இறங்கறாங்க, பங்களாதேஷ்லருந்து வர்றவங்க பெட்ராபோல் பார்டர் தாண்டி கல்கத்தா வந்து அதே டிரெயின் புடிக்கறாங்க. கையில ஒரு துணிப்பை, அதுக்குள்ள எக்ஸ்ரே கவரு, பழைய ரிப்போர்ட்டு. எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியறதே அவங்க வர்றதால தான், அத மறைச்சு பேச எனக்கு விருப்பமில்ல. ஆனா இந்த பதிவு பிசினஸ் பத்தி இல்ல.

ஒரு வெளிநாட்டுக்காரர் எங்க லாட்ஜ்ல கால் வெச்சா 24 மணி நேரத்துக்குள்ள அவர் பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், போட்டோ, எங்கருந்து வந்தாரு, எங்க போவாருன்னு எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும். சி ஃபார்ம்னு தான் நாங்க இன்னும் சொல்றோம். எங்கப்பா காலத்துல பேப்பர்ல எழுதி கொண்டு போய் குடுத்துட்டு வருவாரு. 2025 செப்டம்பர் 1லருந்து புது குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்திருக்கு, 1946 வருஷத்து வெளிநாட்டினர் சட்டம் உட்பட நாலு பழைய சட்டத்துக்கு பதிலா இந்த ஒண்ணு. லாட்ஜ் மட்டும் இல்ல, ஆஸ்பத்திரியும் காலேஜும் கூட தகவல் குடுத்தே ஆகணும்னு அதுல இருக்கு. விசா தேதி தாண்டி தங்கிட்டா அந்த ஆளுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 3 லட்சம் வரைக்கும் அபராதம். இதுல எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, நாட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு அரசாங்கத்துக்கு தெரியணும், நான் ராத்திரி 2 மணிக்கு வந்து இறங்கறவங்களுக்கு கூட அப்பவே ஏத்திட்டு தான் படுப்பேன்.

என் வருத்தம் எல்லாம் எனக்கு 24 மணி நேரம்னு கெடு வெச்சவங்க தங்களுக்கு ஒரு கெடுவும் வெச்சுக்கலையேன்னு தான்.

பங்களாதேஷ்ல குல்னா பக்கத்துலருந்து வர்ற ஒரு வாத்தியார் இருக்காரு, ரிடையர் ஆயிட்டாரு, பேரு வேணாம். தைராய்டு கேன்சர். பல வருஷமா வர்றாரு, எப்பவும் அதே மாடி ரூம் தான் கேப்பாரு, ஜன்னல்லருந்து கோட்டை பக்கம் கொஞ்சம் தெரியும்னு. என்ன "மா"ன்னு தான் கூப்பிடுவாரு. வருஷத்துக்கு ஒரு தடவ ரிவ்யூ, கழுத்து ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஒரு பத்து நாள் தங்கி கிளம்பிடுவாரு. 2024 அக்டோபர்ல ரிவ்யூ தேதி. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் கையில இருக்கு. ஆகஸ்ட் 5ம் தேதி டாக்கால ஆட்சி கவுந்துச்சு, அங்க பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா இந்தியா வந்துட்டாங்க, அங்க இருக்கற நம்ம விசா சென்டருங்கள மூடிட்டாங்க, அப்புறம் திறந்தாலும் அவசர மருத்துவம், படிப்புன்னு குறைச்சலா தான் குடுத்தாங்க. நம்ம தூதரகத்துலருந்து அத்தியாவசியம் இல்லாத ஸ்டாஃப்பை அப்ப ஊருக்கு அனுப்பிட்டாங்க, ஆள் பத்தாது, பாதுகாப்பு பயமும் இருந்துச்சு, இது எல்லாம் எனக்கு புரியாம இல்ல. ஆட்சி கவுறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி, ஜூன் 22ம் தேதி, டெல்லில நம்ம பிரதமரும் ஹசீனாவும் பக்கத்துல பக்கத்துல நின்னு பங்களாதேஷ் நோயாளிங்களுக்கு இ-மெடிக்கல் விசா வரப்போகுதுன்னு அறிவிச்சத நாங்க டிவில பார்த்து சந்தோஷப்பட்டிருந்தோம்.

வாத்தியார் பையன் வாரா வாரம் வாட்ஸப்ல கூப்பிடுவான். விசா சென்டர்ல ஸ்லாட் தெறக்கல ஆப்பா (ஆப்பான்னா அக்கா). ஸ்லாட் தெறந்து அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சு ஆப்பா. ஒரு புரோக்கர் துட்டு கேக்கறான், குடுக்கவா வேணாமா. நான் இன்னா சொல்லுவேன், வேணாம்னு தான் சொன்னேன். டிசம்பர்ல ஒரு வழியா பேப்பர் உள்ள போச்சு. பாஸ்போர்ட் வாரக்கணக்குல உள்ளயே இருந்துட்டு திரும்பி வந்துச்சு, விசா ஸ்டிக்கர் இல்ல, ஏன் இல்லன்னு ஒரு சீட்டு கூட இல்ல. மறுபடி போட்டாங்க. அந்த சமயத்துல அவங்க ஊர்ல வசதி இருக்கறவங்க பாங்காக் போக ஆரம்பிச்சாங்க, 2025 மார்ச்சுல சீனாவுல குன்மிங் ஆஸ்பத்திரிக்கு ஒரு குரூப்பா நோயாளிங்க போனதா நியூஸ் வந்துச்சு. வாத்தியார் பென்ஷன்ல பாங்காக் எப்படி போவாரு?

2025 ஜூன்ல வந்தாரு. படி ஏற முடியல, கீழ் ரூம் குடுத்தோம். கழுத்துல கட்டி திரும்ப வந்திருந்துச்சு. எட்டு மாசம் முன்னாடி பார்த்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு எந்த டாக்டரும் உறுதியா சொல்ல மாட்டாங்க, நானும் சொல்லல. அவர் உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கும்போதே நான் சி ஃபார்ம் ஏத்திட்டேன், பத்து நிமிஷம் கூட ஆகல. ஏத்தி முடிச்சிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கினு உக்காந்துட்டேன். அரசாங்கத்தோட கணக்குல இவர் 2025 ஜூன்ல வந்த ஒரு ஆளு, அவ்ளோ தான். அந்த எட்டு மாசம் எங்க நீள நோட்டுல மட்டும் தான் இருக்கு.

அன்னிலருந்து தான் இந்த புள்ளிவிவரங்கள தேடி படிக்க ஆரம்பிச்சேன். சுற்றுலா அமைச்சகம் வருஷா வருஷம் ஒரு பெரிய புத்தகம் போடுது, ஏர்போர்ட்லயும் பார்டர்லயும் குடியேற்ற அதிகாரிங்க எடுக்கற கணக்கு வெச்சு. எந்த நாட்டுக்காரங்க எத்தன பேரு, எந்த மாசம், எந்த வழியா, எதுக்காகன்னு எல்லாம் இருக்கும். 2023ல வைத்தியத்துக்குன்னு வந்தவங்க மட்டும் 6.5 லட்சத்துக்கு மேல, அதுல பெரும் பங்கு பங்களாதேஷ். அந்த நாட்டுலருந்து மொத்தமா 2023ல 21 லட்சத்துக்கு மேல வந்திருக்காங்க, 2024ல அது 17 லட்சம் சொச்சமா இறங்கிடுச்சு. சரி, இந்த மூணு நாலு லட்சம் பேருக்கு இன்னா ஆச்சு? வர வேணாம்னு அவங்களே இருந்துட்டாங்களா, கேட்டு கிடைக்கலையா, கிடைக்கறதுக்குள்ள நேரம் போயிடுச்சா, இல்ல வாத்தியார் மாதிரி அடுத்த வருஷ கணக்குல போயிட்டாங்களா? அந்த புத்தகத்துல இதுக்கு ஒரு கட்டம் கிடையாது. வாசல் தாண்டி உள்ள வந்தவங்கள ஒத்தை ஆள் விடாம எண்ணி இருக்காங்க, வாசல்ல நின்னவங்க அதுல இல்லவே இல்ல.

இன்னொரு பக்கம் எண்ணாமலே சொல்ற நம்பரும் இருக்கு, அது தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. நாட்டுல சட்டவிரோதமா எத்தன பங்களாதேஷ்காரங்க இருக்காங்கன்னு 2004ல பார்லிமென்ட்ல கேட்டப்ப உள்துறை இணை அமைச்சர் ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால் ஒரு கோடியே 20 லட்சத்துக்கு மேலன்னு சொன்னாரு, கொஞ்ச நாள்லயே அந்த கணக்கு நம்பகமானது இல்லன்னு பின்வாங்கினாரு. 2016ல அதே பதவில இருந்த கிரண் ரிஜிஜு சுமார் 2 கோடின்னாரு. ரெண்டு வேற வேற கட்சி ஆட்சி. எப்படி எண்ணினாங்கன்னு அப்பவும் நாட்டுக்கு விளக்கல, இப்பவும் விளக்கல. ஆனா அந்த நம்பரு டிவி வழியா இறங்கி எங்க தெரு வரைக்கும் வந்துடுச்சு. மேற்கு வங்காளத்துல முர்ஷிதாபாத்லருந்து வர்ற இந்தியக்காரங்க, ஆதார் கார்டோட வர்றவங்க, அவங்கள ஆட்டோகாரர் கூட நீ அந்த பக்கமான்னு கேக்கறாரு. எங்க ரூம் பையன் ஒரு நாள் கேட்டான், "அக்கா, ஆப்பான்னு கூப்பிட்டா பங்களாதேஷ், தீதின்னு கூப்பிட்டா கல்கத்தா, கரெக்டா?" இல்லடா, ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரியும் கூப்பிடறாங்க, கூப்பிடறத வெச்சு நாடு கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லி புரிய வெச்சேன்.

கணக்கு சொல்றது ஒண்ணும் நடக்காத காரியம் இல்ல. ஆம்பூர்ல தோல் கம்பெனில எக்ஸ்போர்ட் பாக்கற என் காலேஜ் தோழி இத்தாலி மிலான்ல நடக்கற தோல் கண்காட்சிக்கு போறவ, ஐரோப்பாவுல பல நாட்டுக்கு ஒண்ணா குடுக்கற ஷெங்கன் விசா அவளுக்கு தலைகீழ் பாடம். விண்ணப்பம் எடுத்துக்கிட்டா 15 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், தேவைப்பட்டா 45 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம், இது அவங்க சட்டத்துலயே இருக்கு. மறுத்தா அச்சடிச்ச ஒரு ஃபார்ம்ல எந்த காரணம்னு டிக் அடிச்சு குடுக்கணும், அப்பீல் போகலாம். அதோட வருஷா வருஷம் ஒவ்வொரு தூதரகத்துக்கும் எத்தன வந்துச்சு, எத்தன மறுத்தோம்னு ஐரோப்பிய கமிஷன் பட்டியல் போடுது. 2024ல இந்தியாலருந்து 11 லட்சத்துக்கு மேல விண்ணப்பம், 1.65 லட்சம் மறுப்பு, அதாவது 15 சதவீதம். நம்ம ஆளுங்க அத வெச்சு தான் இவ்ளோ பேர மறுக்கறாங்களேன்னு பேப்பர்ல எழுதறாங்க, சண்ட போடறாங்க. அவங்க நாட்டு கதவுக்கு வெளிய நிக்கற நமக்கு கிடைக்கற அந்த நம்பரு நம்ம கதவுக்கு வெளிய நிக்கறவங்களுக்கு ஏன் கிடைக்க கூடாது?

யாருக்கு விசா குடுக்கணும்ங்கறது அரசாங்கத்தோட உரிமை, அதுல நான் குறுக்க வரல. வேணாம்னு சொல்லட்டும். எத்தன பேருக்கு சொன்னோம், எத்தன நாள்ல சொன்னோம்னு வெளிய சொல்லுங்கன்னு தான் கேக்கறேன். வாத்தியாரால இத கேக்க முடியாது, 2005 வருஷத்து தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் தான். என்னால முடியும். அதனால எங்க அக்கா பையன உக்கார வெச்சு 10 ரூபா கட்டி ஆன்லைன்ல ஒரு மனு போட்டேன். பங்களாதேஷ்லருந்து மெடிக்கல் விசாவுக்கு ஒரு வருஷத்துல எத்தன மனு வந்துச்சு, எத்தன குடுத்தீங்க, எத்தன மறுத்தீங்க, சராசரியா எத்தன நாள் ஆச்சு. நாலே கேள்வி. யாரு பேரும் கேக்கல, பாதுகாப்பு விஷயம் எதுவும் கேக்கல.

29வது நாள் பதில் வந்துச்சு. கேட்ட வடிவத்தில் தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை. ஒரே வரி.

இருக்கற தகவல குடுத்தா போதும், இல்லாதத புதுசா தொகுத்து குடுக்க வேண்டியதில்லன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லி இருக்கறது உண்மை தான். ஆனா ஒவ்வொரு மனுவும் கம்ப்யூட்டர்ல தானே ஏறுது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கே. அதே சட்டத்துல நாலாவது பிரிவு, ஆவணங்கள தேடி எடுக்கற மாதிரி ஒழுங்கு பண்ணி வெக்கணும், ஜனங்க கேக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்ச வரைக்கும் வெளியிடணும்னு சொல்லுது. தொகுக்கலன்னு ஒரு ஆபீஸ் எழுதறதே அந்த பிரிவ மதிக்கலன்னு ஒத்துக்கற மாதிரி தான் எனக்கு படுது. எழுபது எண்பது ரூம் இருக்கற லாட்ஜ்காரங்க தொகுத்து வெக்கலன்னு சொன்னா விடுவாங்களா?

பார்லிமென்ட்ல கேள்வி கேக்கற வழியும் இருக்கு, லோக்சபால ஒரு நாளைக்கு அமைச்சர் வாயால பதில் சொல்ற நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துல பதில் சொல்றது 230 வரைக்கும் எடுக்கறாங்க. அந்த நாலு கேள்விய ஒரு பேப்பர்ல எழுதி எங்க தொகுதி எம்.பி. ஆபீஸ்ல குடுத்திருக்கேன், வாங்கி வெச்சிருக்காங்க. கூடவே முதல் மேல்முறையீடும் போட்டாச்சு, அதுக்கு ஃபீஸ் கிடையாது, நாலாவது பிரிவ அப்படியே எழுதி போட்டேன். 30 நாள்ல முடிவு சொல்லணும், காரணம் எழுதினா 45 நாள் வரைக்கும் எடுத்துக்கலாம். அதுக்கும் மேல மத்திய தகவல் ஆணையம் இருக்கு.

வாத்தியாருக்கு அடுத்த ரிவ்யூ தேதி குடுத்திருக்காங்க. பையன் நேத்து கூப்பிட்டான், விசா பேப்பர் உள்ள போயிடுச்சாம், கீழ் ரூமே போதும்னு சொன்னான். நீள நோட்டுல அவங்க பேருக்கு நேரா கடைசி கட்டம் காலியா இருக்கு, அதுக்கு கீழ் வரில மேல்முறையீடு நம்பரையும் தேதியையும் எழுதி வெச்சிருக்கேன்.