ஓர் அளவு பெரியது

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடையொன்றில் இன்று, இயர்போனில் பேஸ் (தாழ்ந்த ஒலி) வரவே இல்லை என்று முகம் சுளித்த இளைஞரிடம், கடைக்காரர் பதிலேதும் சொல்லாமல் அதன் சிலிக்கான் முனையைக் கழற்றிவிட்டு, ஓர் அளவு பெரியதை மாட்டிக் கொடுத்தார்.

இளைஞரின் முகம் மலர்ந்துவிட்டது.

காதுத் துளை சரியாக அடைபடாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும் என்பதால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் நாதம் நிறைவாகக் கேட்காது.

பாட்டை ஒலிக்கவிடும் கையடக்கப் பிளேயருக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை.

16 அல்லது 32 ஓம் (மின்தடை அளவு) கொண்ட இயர்போன்கள் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரணப் பிளேயரே போதும். 300 ஓம் ஹெட்போன் வாங்குபவர்தான் தனி ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பேருந்து இரைச்சலில் உயர்தர 320 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் ஒலித்தரம் இழக்காத ஃபிளாக் கோப்புக்கும் வேறுபாடு காண்பது அரிது என்பதால், பிளேயரில் மெமரி கார்டு போடும் வசதியையும் கையால் தடவியே அழுத்தக்கூடிய பொத்தான்களையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.