டிப்பர் கவிழ்ந்தால் அது வாகன விபத்தா?

கட்டுமான வேலைக்கு வண்டி வைத்திருக்கிற கான்ட்ராக்டர்கள் பலரும் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு, இனி என்ன கவலை என்று இருந்துவிடுகிறார்கள். க்ளெய்ம் போட்ட பிறகு, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து கேட்பார்: அந்த நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, வேலை செய்துகொண்டிருந்ததா? கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். பணம் வருமா வராதா என்பது பல நேரம் இந்தப் பதிலை வைத்துத்தான்.

டிப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். லோடோடு சாலையில் போகும்போது மோதினால் அது வாகன விபத்து, பேச்சே இல்லை. அதே டிப்பர் சைட்டில் பாடியைத் தூக்கி ஜல்லி கொட்டும்போது ஒரு பக்க டயர் மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிட்டால், அப்போது அது வண்டியாக இல்லை, இயந்திரமாக வேலை செய்தது என்று கைவிரிக்கிற பாலிசிகள் உண்டு. லாரியில் பொருத்திய கிரேன், கான்கிரீட் பம்ப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதற்கான பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கட்டுமான இயந்திரங்களுக்கென்று இருக்கும் தனி பாலிசியை எடுக்க வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க இதில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, டிப்பருக்கு ஆபத்தான நேரமே பாடி மேலே நிற்கிற அந்தச் சில நிமிடங்கள்தானே.

வண்டிக்குள் இருந்த வெல்டிங் செட்டோ டிரில்லிங் மெஷினோ திருடு போனாலும் வண்டி பாலிசியில் பொதுவாக ஒன்றும் கிடைக்காது.

சரி, விபத்து நடந்துவிட்டது. ஆட்களுக்கு அடிபட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் வண்டியை நகர்த்துவதற்கு முன் டயர் நின்ற தரை, பாடி இருந்த உயரம், மீதி லோடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பிடம் "தப்பு எங்க மேலதான், பார்த்துக்கலாம்" என்று டிரைவர் வாக்குக் கொடுத்துவிட்டால் அது தனிச் சிக்கல், ஏனென்றால் கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியில் நிபந்தனை இருக்கும். கொட்டிக்கொண்டிருந்த வண்டியை ஓடிக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லவும் ஒருவர் வருவார். வேண்டவே வேண்டாம். பாடியைத் தூக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டர் வளைந்திருக்கிற விதத்தைப் பார்த்தே அனுபவமுள்ள சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார், பொய் என்று தெரிந்தால் மொத்த க்ளெய்மும் போச்சு.

சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்ஷாப்பில் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பிறகு சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், புதிதாக விரிசல் தெரிந்தால், அதைச் சரிசெய்வதற்கு முன் கூடுதல் எஸ்டிமேட் போட்டு மறுபடி காட்ட வேண்டும். க்ளெய்ம் தொகையில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிப்பார்கள், உங்கள் பங்காகக் குறிப்பிட்ட தொகையும் கழியும். வண்டி நிற்கிற நாட்களின் வாடகை நஷ்டம் சாதாரண பாலிசியில் வராது, அதனால் ஒரு ரப்பர் பாகத்தின் தேய்மானத்துக்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் முன் ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.