வியாழனருகே தெரிவது விண்மீனா, நிலவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுவதால், அடிவானம் எனக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே வாழும் நமக்கு வியாழனும் சனியும் நன்கு உயர்ந்தே வானைக் கடப்பதால், மேகம் வழிவிடும் இரவுகளில் சிறு தொலைநோக்கியே போதுமானது. அதில் கண் வைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது, "பக்கத்துல இருக்கிறது நிலாதான்னு எப்படிண்ணே தெரியும்?" என்பதே.

ஒருமுறை பார்த்தால் தெரியாது. கலிலியோவுக்கும் தெரியவில்லை. 1610 ஜனவரி 7 அன்று வியாழனுக்குக் கிழக்கே இரண்டும் மேற்கே ஒன்றுமாக, ஏறக்குறைய ஒரே கோட்டில் மூன்று ஒளிப்புள்ளிகளைக் கண்ட அவர், அவற்றைப் பின்னணி விண்மீன்கள் என்றே எடுத்துக்கொண்டார். மறுநாள் மூன்றும் மேற்கே நின்றன. வியாழன் அப்போது விண்மீன்களுக்கிடையே மேற்கு நோக்கிப் பின்னடைந்துகொண்டிருந்ததால், அவை விண்மீன்களாக இருந்திருந்தால் கிழக்கே பின்தங்கியிருக்க வேண்டும். கோளின் போக்கைச் சொல்லும் அட்டவணைதான் தவறோ என்றுகூட அவர் ஐயுற்றார். அவை வியாழனை விட்டு விலகாமல் அதன் இருபுறமும் இடம் மாறும் நிலவுகள் என்று காட்டி, இரவுதோறும் வரைந்த படங்களே அந்த ஐயத்தைத் தீர்த்தன. 13ஆம் தேதி நான்காவது நிலவும் தென்பட்டது. அவற்றுள் உள்ளே சுற்றும் அயோ ஒரு சுற்றை ஏறத்தாழ 42 மணி நேரத்தில் முடித்துவிடுவதால், அது இடம் மாறுவதை ஒரே மாலைப் பொழுதிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிட முடிகிறது.

வால்மீனுக்கும், இடம் மாறுகிறதா என்று பார்க்கும் இதே சோதனைதான். சிறு கருவியில் பெரும்பாலான வால்மீன்கள் வாலின்றி, வெறும் மங்கலான திட்டாகவே தெரியும். 1758இல் ஒரு வால்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே ரிஷப விண்மீன் கூட்டத்தில் கண்ட திட்டு நகரவேயில்லை. அது நண்டு நெபுலா என்னும் வாயு மேகம். வால்மீன் தேடுவோரை ஏமாற்றும் இத்தகைய திட்டுகளை அவர் தொகுத்த பட்டியலே இன்று அவருடைய வால்மீன்களைவிடப் புகழ்பெற்றிருப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

2025 மார்ச்சில் சனிக்குப் புதிதாக 128 நிலவுகள் அறிவிக்கப்பட்டு, மொத்தம் 274 ஆனபோதும் அடிப்படை மாறவில்லை. ஹவாயிலுள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சனி நகரும் வேகத்துக்கு ஏற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும்போது, விண்மீன்கள் கோடுகளாக நீள, சனியோடு செல்லும் மங்கலான நிலவின் ஒளி ஒரே இடத்தில் திரள்கிறது. அதன் பிறகும் நெடுநாள் பின்தொடர்ந்து சுற்றுப்பாதையைக் கணித்தால்தான் அது நிலவென ஏற்கப்படும். சில கிலோமீட்டர் அகலமே உள்ள அந்தக் கற்களை நாம் பார்க்க இயலாதது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. 16 நாளில் சனியைச் சுற்றிவரும் டைட்டன் நமக்கு எளிதாகவே தெரிகிறது.

வரைய விரும்புவோர் அருகிலுள்ள விண்மீன்களையும் சேர்த்தே வரையுங்கள். அவையின்றி நகர்வை அளக்க முடியாது. நேரத்தை, மலேசிய நேரத்திலிருந்து 8 மணியைக் கழித்து, உலக நேரமாகக் குறியுங்கள்; அப்போதுதான் வேறு நாட்டில் வரைந்தவரின் படத்தோடு உங்கள் படத்தை நேரடியாக ஒப்பிட முடியும்.