சிவப்பு வீடுகளின் நாட்டில்

சுவீடனில் இருக்கிறேன் என்றால் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிர் பழகிவிடும். நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எனக்குப் பழக நாளானது இங்குள்ள நிறம். நாங்கள் வெஸ்டெரோஸில் வந்து இறங்கியது ஒரு நவம்பரில். வானம் சாம்பல், ஏரி சாம்பல், இலை கொட்டிய மரங்களும் சாம்பல். மதியம் மூன்று மணி தாண்டினால் இருட்டு. அதற்கு நடுவில் கண்ணில் பட்ட ஒரே நிறம் வீடுகளின் சிவப்பு. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் வந்தால் வழிநெடுக அதே சிவப்புதான்: வீடு, தொழுவம், விறகுக் கொட்டகை, கோழிக்கூடு வரைக்கும். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் வெள்ளை.

வீடியோ காலில் இதைப் பார்த்த அம்மா, "ஏல, ஊரு பூரா ஒரே பெயிண்ட அடிச்சு வச்சிருக்கானுவ? கட்சி ஆபீஸு மாதிரிலா இருக்கு" என்றார்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். அங்கே சிவப்புக்கு என்று ஒரு இடமும் வேளையும் உண்டு. முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு, நெற்றிக்குக் குங்குமம், கோவில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி வரும் காவிப் பட்டை, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி. தசரா வந்தால் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்களின் சிவப்பு உடுப்பு. நல்லதோ, நேர்ச்சையோ, திருஷ்டி கழிப்பதோ, ஏதோ ஒன்று நடக்கும்போது வருகிற நிறம் அது. ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில், கொட்டும் பனியில், கோழிக்கூட்டின் மேல் அது ஏன் இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை ஃபாலுனுக்குக் கூட்டிப்போனது.

ஃபாலுன், டாலர்னா பகுதியில் இருக்கும் பழைய செம்புச் சுரங்க ஊர். சுமார் ஆயிரம் வருஷம் தோண்டியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் மூன்றில் இரண்டு பங்கு வரை இங்கிருந்துதான் போனது. சுவீடன் அந்தக் காலத்தில் நடத்திய போர்களுக்குப் பணம் தந்ததும் இந்தச் செம்புதான். தோண்டிய அளவுக்குத் தாங்க வலுவில்லாமல் 1687 ஜூனில் சுரங்கம் சரிந்து விழுந்தது. மிட்சம்மர் என்ற நடுக்கோடைத் திருநாள் விடுமுறை என்பதால் உள்ளே ஆளில்லை, ஒரு உயிர்கூடப் போகவில்லை. அன்று உண்டான பள்ளம் இன்றும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. 1992இல் வேலையை நிறுத்தினார்கள், 2001இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

செம்பை எடுத்த பிறகு மிஞ்சிய கழிவுக் கல் மலை மலையாகக் குவிந்தது. அதில் இரும்பு நிறைய. மழையும் காற்றும் பட்டுப் பட்டு அது துருவாக மாறியது. அந்த மண்ணைக் கழுவி, வண்டலைப் படியவிட்டு, காயவைத்து, சூளையில் சுடுவார்கள். சூடு ஏற ஏற மஞ்சள் சிவப்பாகும், சிவப்பு கருஞ்சிவப்பாகும். அந்தப் பொடிதான் ஃபாலு சிவப்பு. ஆதியில் இது ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும் உரிய நிறம். ஹாலந்திலும் ஜெர்மனியிலும் இருந்ததுபோல் செங்கல் மாளிகை கட்ட ஆசை, ஆனால் கையில் இருப்பது மரம். மரத்தின் மேல் செங்கல் நிறம் பூசிக்கொண்டார்கள். பிற்பாடு பணக்காரர்களின் ரசனை வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் மாறியது. சிவப்பு மெல்ல மெல்லக் குடியானவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன்காரர்கள் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் பயந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊர் என்று நினைத்தால் ஒரு சிவப்புக் குடிசை என்ற படம் வலுவாக வேர்விட்டதும் அந்தக் காலத்தில்தான். வெளியூரில் இருப்பவனுக்கு அது எப்படி நடக்கும் என்று நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஃபாலுனில் என்னை உலுக்கியது ஒரு இளைஞனின் கதை. 1719இல் தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு சுரங்கப் பாதையில் ஒரு ஆணின் உடல் கிடைத்தது. முகம் வாடவில்லை, நேற்று இறந்தவன்போல் இருந்தான். சமீபத்தில் அங்கே யாரும் காணாமல் போனதாகத் தகவல் இல்லை. கடைசியில் வயதான ஒரு பெண் வந்து பார்த்து, இவன்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்த மாட்ஸ் என்றாள். அவன் காணாமல் போனது 1677இல். நாற்பத்திரண்டு வருஷமாக அந்த உடலைக் கெடாமல் வைத்திருந்தது சுரங்க நீரில் கரைந்திருந்த துத்தம் என்ற உப்பு. அதே வகை உப்புதான், இரும்பிலிருந்து வருவது, இந்தச் சிவப்புப் பூச்சிலும் சேர்கிறது. மரத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது அது. அதைப் படித்த பிறகு, பனியில் நிற்கும் ஒரு கொட்டகையைக்கூட வெறுமனே கடந்து போக முடியவில்லை.

நிறத்துக்குக் காரணம் இரும்புத் துரு என்று தெரிந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தேரிக்காடு. சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடு, ஊடே பனையும் முந்திரியும். அங்கே ஒவ்வொரு மணல் துகளிலும் படிந்திருப்பது இதே இரும்பு ஆக்சைடுதான். பாட்டி வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கழுவித் துடைத்த ரெட் ஆக்சைடு தரையும் அதேதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பனிக்காட்டில், என் பாட்டி வீட்டுத் தரை சுவராக எழுந்து நிற்கிறது. ஒரு ஊர் நம்முடையதாக இப்படி ஒரு பிடி கிடைத்தால் போதும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு சில்யான் ஏரிக்கரையில் ஒரு கோடைக்கால வீடு உண்டு. அதற்குப் பூச்சு அடிக்க வேண்டும், வருகிறீர்களா என்று ஒரு ஜூனில் கூப்பிட்டார். இந்த ஊரில் வீட்டு வேலைக்கு ஒருவரைக் கூப்பிடுவது என்பது விருந்துக்குக் கூப்பிடுவதைவிட நெருக்கம். குடும்பத்தோடு போனோம்.

முதலில் உலர்ந்த முரட்டு பிரஷால் சுவரைத் தேய்க்க வேண்டும். சுரண்டத் தேவையில்லை, இந்தப் பூச்சு உரிந்து தொங்காது; வருஷம் ஆக ஆகப் பொடியாகத்தான் உதிரும். அப்புறம் பூச்சு. அது அடிப்படையில் ஒரு கஞ்சி. கம்புக்கும் கேழ்வரகுக்கும் இங்கே வழியில்லை, ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவில் காய்ச்சுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் துத்தம், பிறகு மாவு, பிறகு சிவப்புப் பொடி, கடைசியில் ஆளிவிதை எண்ணெய். கடையில் வாளி வாளியாகக் கிடைக்கிறது. ஆனாலும் பெரியவர் தாமே இரும்புக் கொப்பரையில் காய்ச்சினார். வாசனை கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் மண். பொடி அடியில் தங்கிவிடும் என்பதால் நிமிஷத்துக்கு ஒருமுறை அடியோடு கிளற வேண்டும். அந்த வேலை என் மகளுக்கு. பலகையின் வாக்கிலேயே மேலிருந்து கீழே இழுக்கச் சொன்னார், நடுவில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகத் தெரியுமாம். பலகைகள் இழைக்காத முரட்டுப் பலகை. வழுவழுப்பான மரத்தில் இது பிடிக்காது. ஈரம் உள்ளே போனாலும் திரும்ப வெளியேற இடம்விடும் பூச்சு இது, அதனால்தான் இருநூறு வருஷ மரம்கூட உளுக்காமல் நிற்கிறது என்றார். சாயங்காலம் சட்டை, கை, முடி எல்லாம் சிவப்பு. சூரியன் இறங்கவே இல்லை, பத்து மணிக்கும் வெளிச்சத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். அடுத்த பத்து வருஷத்துக்கு இந்தச் சுவருக்குக் கவலையில்லை என்று அவர் சொன்னபோது, அந்தப் பத்து வருஷத்தில் நானும் இங்கே இருப்பேன் என்பது முதல்முறையாக இயல்பாகத் தோன்றியது.

டாலர்னாவின் சிவப்பு மரக்குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூஸ்னெஸ் கிராமத்தில் இன்றும் கையால் செதுக்குகிறார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போன பிறகு அது நாட்டுக்கே அடையாளமாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கொலுவிலும் ஒன்று நிற்கிறது.

எல்லா இடத்திலும் சிவப்பு இப்படி நமக்கு இணக்கமாகவே வருவதில்லை. மனைவியின் அலுவலகத் தோழி கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள். கல்யாணம் என்றால் நம் பெண்கள் முதலில் எடுப்பது அரக்குப் பட்டுதானே. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று இன்னொரு தோழியிடம் இவள் கேட்டாள். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: விருந்தினராக வரும் பெண் சிவப்பு உடுத்தினால், மாப்பிள்ளையோடு அவளுக்கு முன்பு உறவு இருந்தது என்று அர்த்தம் சொல்லும் ஒரு பேச்சு இங்கே உண்டு. இப்போது பலர் கண்டுகொள்வதில்லை, இருந்தாலும் நாலு பேர் பார்ப்பார்கள். அன்றைக்கு மயில்கழுத்துப் பட்டுதான். விருந்தில் மணப்பெண்ணின் பாட்டி இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வகிட்டுக் குங்குமத்தை விசாரித்தார். இவள் சொன்னாள். எங்கள் ஊரில் நான் கட்டிய கல்யாணப் புடவையும் சிவப்புதான் என்று போனில் படத்தையும் காட்டினாள். பாட்டி வெகுநேரம் பார்த்தார். தன் பாட்டி மணமேடையில் உடுத்தியது கறுப்பு என்றார். 19ஆம் நூற்றாண்டு சுவீடனில் மணப்பெண்களுக்குக் கறுப்பு உடை சர்வசாதாரணம், வெள்ளை பின்னால் வந்த வழக்கம்தான். ஒரே மேசையில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் மங்கலமாக உட்கார்ந்திருந்தன. நிறத்துக்கு என்று பிறவிக் குணம் எதுவும் கிடையாது என்று நான் நம்பத் தொடங்கியது அந்த மேசையில்தான்.

மே முதல் தேதி இங்கே 1939 முதல் அரசு விடுமுறை. சிவப்புக் கொடிகளோடு ஊர்வலம் போவார்கள், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு. நானும் தொழிற்சங்கத்தோடு போவேன். போகும்போதெல்லாம் சிங்காரவேலரை நினைத்துக்கொள்வேன். 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதல்முறையாக மே தினம் கொண்டாடியவர். கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார் என்று சொல்வார்கள். இங்கே கூட நடந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் நின்று கேட்டுவிட்டு, சங்கக் கூட்டத்தில் ஒருநாள் இதைப் பேசுங்கள் என்றார்.

ஆனால் சிவப்பு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது டிசம்பர் 13, லூசியா நாளில். 304ஆம் வருஷம் இத்தாலியின் சிரகூஸில் தன் நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட இளம்பெண் புனித லூசியா. விடியாத அந்தக் காலையில் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே வரிசையாக வருவார்கள். முன்னால் லூசியாவாக நடப்பவளின் தலையில் விளக்குக் கிரீடம், இடுப்பில் சிவப்பு நாடா. அந்த நாடா அவள் சிந்திய ரத்தம். போன வருஷம் வகுப்பில் சீட்டுக் குலுக்கியதில் என் மகளின் பெயர் வந்தது.

அங்கியைப் போட்டு, முடியை அவிழ்த்துவிட்டு அம்மாவுக்கு வீடியோவில் காட்டினோம். அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "ஏட்டி, தலைய விரிச்சுப் போட்டு, வெள்ளைய உடுத்தி, வெளக்கையும் புடிச்சுட்டு இருட்டுல எங்க போற? பொம்பளப் புள்ள இப்படியா போவும்?" என்றார். மனைவி பேசாமல் சிவப்பு நாடாவை எடுத்து மகளின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னால் முடிந்து, முனைகளைத் தொங்கவிட்டாள். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது தெரிந்தது.

"இது யாருக்கு நேந்துக்கிட்டது?"

லூசியாவின் கதையைச் சொன்னேன். கண்களைப் பிடுங்கினார்கள் என்ற பகுதியைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அம்மா தயங்கவில்லை. சாமிக்காக உயிரைவிட்ட கன்னிப்பெண் என்றால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஒரு கோவில் இருக்கும், அந்தக் கதைகளில் வளர்ந்தவர் அவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேத்தியிடம், குலசையில் மாலை போட்டவர்களைப்போல் அன்றைக்குச் சுத்தபத்தமாக இருக்க வேண்டும், யாரையும் வையக் கூடாது, கவுச்சி கூடாது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குங்குமப்பூ போட்ட லூசியா பன் மட்டும் தின்னலாமா என்று கேட்டாள். அது பிரசாதம், தாராளமாகத் தின்னு என்று பதில் வந்தது.

ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டார். இங்கே ஏழு, அங்கே பதினொன்றரை என்றேன். அதற்குள் சோற்றை வடித்து வைத்துவிட்டு, எதிர்வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், போனை ஆட்டாமல் பிடி என்றார்.