சனிக்கிழமை சில்லறை

குடிநோய் மறுவாழ்வு மையத்துல கவுன்சலரா நான் சேர்ந்தது 2013ல. டெல்டா பக்கம் ஒரு சின்ன இடம், பேரு வேண்டாம். எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி படிப்பு, முடிச்ச கையோட போனவன், முதல் வருஷம் எனக்கு இருந்த திமிரை நினைச்சா இப்ப சிரிப்புதான் வருது. 21 நாள் ட்ரீட்மெண்ட். முதல் நாலஞ்சு நாள் கை நடுக்கம், வேர்வை, சிலருக்கு ஃபிட்ஸ், சிலருக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு செவுத்துல பூச்சி ஊர்ற மாதிரி தெரியும், யாரோ வெட்ட வர்றான்னு கத்துவாங்க, அதுக்கெல்லாம் லிப்ரியம் மாத்திரை, தயமின் ஊசின்னு டாக்டர் பார்த்துக்குவார், அது அடங்கினப்புறம்தான் என் வேலை, குரூப் கிளாஸ், தனியா கவுன்சலிங், வீட்டுக்காரங்களை கூப்பிட்டு ஒரு பேச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஆளு முகம் தெளிஞ்சு, ஷேவ் பண்ணி, வெள்ளை சட்டை போட்டு நிப்பார், அவர் சம்சாரம் கண்ணை தொடைச்சுக்கிட்டு கும்பிடுவாங்க, நான் என்னமோ உயிர் குடுத்தவன் மாதிரி நிப்பேன்.

அப்படி போன ஒருத்தர், கொத்தனார், நாப்பது வயசு இருக்கும். போர்டுல நான் எழுதுறதையெல்லாம் ஸ்கூல் பையன் மாதிரி நோட்டுல எழுதிக்குவார். போயி ஒன்பதாவது நாள், சனிக்கிழமை ராத்திரி அவங்க வீட்லேர்ந்து ஃபோன், மறுபடி குடிச்சிட்டார். இதுக்குன்னே அப்ப ஒரு ரெடிமேட் பதில் வச்சிருந்தோம், 'மோட்டிவேஷன் பத்தல'. ஃபைல்ல நானும் அதையே எழுதினேன். பக்கத்துல இருந்த சீனியர் அக்கா அதைப் படிச்சிட்டு, "நீ அந்த ஊரைப் பாத்திருக்கியாடா?"ன்னு கேட்டாங்க. இல்லை. "போய் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அவர் வேலை பாக்குற இடத்துல சும்மா நின்னு பாரு"ன்னாங்க.

போய் நின்னேன். ஒரு வீடு, ரூஃப் கான்கிரீட் முடிஞ்ச நாள். மேஸ்திரி பைக் மேல உக்காந்தபடியே வாரக்கூலி குடுத்துட்டு இருந்தார், எல்லாம் ஆயிரம் ரூபா நோட்டு. "நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கங்கப்பா"ன்னு மொத்தமா ஒருத்தர் கையில திணிச்சிட்டு வண்டிய கிளப்பிட்டார். அந்த மூணு பேரும் அதை எங்க போய் மாத்துவாங்க? மளிகைக்கடைக்காரர் எரிஞ்சு விழுவார், பெட்டிக்கடையில இருக்காது. சாயந்தரம் ஆறரை மணிக்கு அந்த ஊர்ல சில்லறை கொட்டிக்கெடக்குற கல்லா ஒண்ணுதான், டாஸ்மாக் கல்லா. சும்மா நீட்டுனா மாத்தித் தருவாங்களா, ஒரு குவார்ட்டராவது வாங்கணும், வாங்கிட்டா அப்புறம் என்ன, மூணு பேருக்கும் கட்டிங். நம்ம ஆளு அதுல ஒருத்தர். நான் எடுத்த கிளாஸ்ல எது எது குடியை தூண்டும்னு ஒரு நாள் முழுக்க பாடம் உண்டு, கோபம், தனிமை, பசி, பழைய கூட்டாளின்னு எல்லாம் இருக்கும், சில்லறைங்கற வார்த்தை மட்டும் அதுல கிடையாது.

மேஸ்திரிகிட்ட பேசுனா, "நான் என்ன சார், ஊத்தியா குடுக்குறேன்?"னு எகிறினார். நியாயம்தான். திங்கக்கிழமை எத்தனை பேர் வேலைக்கு மட்டம் போடுறாங்கன்னு நான் கேட்டப்புறம்தான் இறங்கி வந்தார், பாதி பேரு வரமாட்டான், வந்தவனும் மதியம் வரைக்கும் கை நடுங்கிட்டு நிப்பான்னு அவரே புலம்ப ஆரம்பிச்சிட்டார். அடுத்த வாரத்துலேர்ந்து பெட்ரோல் பங்குல சொல்லி வச்சு நூறு ரூபா நோட்டா வாங்கி மஞ்சப்பையில கொண்டு வந்து, ஆளாளுக்கு தனித்தனியா எண்ணிக் குடுத்தார். கொத்தனார் கூலியை மட்டும் அவர் சம்சாரம் சைட்டுக்கே வந்து வாங்கிக்கிட்டாங்க, அதுவும் அவரே ஒத்துக்கிட்டதாலதான். அவருக்கு தெரியாம பண்ணியிருந்தா வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

தெரியாம பண்றதுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை, சாப்பிட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் இறங்கி ஆளே சாஞ்சிடலாம், நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல வேலை காட்டும். பேஷண்ட்டுக்கு எல்லாத்தையும் சொல்லி, அவர் சம்மதத்தோட குடுக்க வேண்டிய மருந்து. ஒரு அம்மா யாரோ சொன்னாங்கன்னு அதை வாங்கி மகனுக்கு குழம்புல பொடிச்சு போட்டிருக்காங்க. பையன் ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்தான், அதுக்கப்புறம் அந்த அம்மா கையால சாப்பிடவே இல்ல.

இதெல்லாம் ஏதோ நான் கண்டுபிடிச்ச விஷயமுன்னு சொல்லிக்க முடியாது. கணவரை குடிநோய்க்கு பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல சென்னையில குடிநோய்க்குன்னே டிடிகே ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாங்க, அவங்க ஆளுங்க 1989லயே மஞ்சக்குடிக்கு வந்து, இப்ப அது திருவாரூர் மாவட்டம், ஊருக்குள்ளயே கேம்ப் போட்டு 15 நாள் வச்சு பார்த்திருக்காங்க. கூலி வேலை பாக்குறவன் பஸ் ஏறி சென்னைக்கு வந்து மாசக்கணக்குல படுக்க முடியுமா. நாங்க அதே டெல்டாவுல இருந்துகிட்டு அதைப் படிச்சது ரொம்ப லேட்டா.

அப்புறம் மாலை. கார்த்திகை பொறந்தா எங்க பெட்டெல்லாம் காலியாயிடும், பாதி பேரு சபரிமலைக்கு மாலை போட்டுக்குவாங்க. நாங்க கிண்டல் பண்ணுவோம், 41 நாள் கழிச்சு மாலையை கழட்டுற அன்னைக்கே பாட்டிலை திறப்பான்னு. ஆனா ஒரு வருஷம், தினமும் காலையிலேயே குடிக்கிற ஒருத்தர் திடீர்னு நிறுத்தி மாலை போட்டு, ரெண்டாவது நாள் பஜனையில வலிப்பு வந்து விழுந்துட்டார். சாமி குத்தம்னு ஊரே நடுங்கிப்போச்சு. வருஷக்கணக்கா ஊறின உடம்பு, திடுதிப்புனு நிறுத்துனா வர்ற வலிப்புதான் அது, சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. குருசாமிகிட்ட போய் விளக்கினேன். எழுவது வயசு மனுஷன், பொறுமையா கேட்டுட்டு, "அப்ப மாலைக்கு பத்து நாள் முந்தியே உங்ககிட்ட அனுப்பிடுறேன் தம்பி"ன்னார். அனுப்பவும் செஞ்சார். அதோட நிக்கல, மாலை கழட்டுற அன்னைக்கு சாயந்தரம் அன்னதானம் வச்சு, போன வருஷம் வரை குடிச்சவங்களா பார்த்து சாம்பார் வாளியை கையில குடுத்துட்டார். ராத்திரி பத்து மணி வரைக்கும் பந்தி பரிமாறிட்டு இருந்தாங்க, அதுக்குள்ள டாஸ்மாக்கை மூடிட்டாங்க. எங்க டிகிரிக்கெல்லாம் இது தோணல.

கொத்தனார் சம்சாரத்தை விட்டுட்டேன் பாருங்க, அப்பவும் இப்படித்தான் விட்டேன். அவர் நிறுத்தி ஆறு மாசம் இருக்கும், வீட்டுக்கு போனப்ப அந்தக்கா எலும்பும் தோலுமா இருந்தாங்க. "அவரு குடிச்சிட்டு வந்து விழுந்தப்ப கூட தூங்குனேன் தம்பி, இப்ப தூக்கமே வரல, வாசல்ல சத்தம் கேட்டா எழுந்து போய் அவரு வாயை மோந்து பாக்குறேன்." பதினாலு வருஷம் இழுத்துப் பிடிச்சிட்டு இருந்தவங்க, பிடிக்க வேண்டிய வேலை முடிஞ்சதும் அப்படியே உக்காந்துட்டாங்க. எங்க ஃபைல்ல அவங்க பேரு 'உடன் இருப்பவர்'ங்கற கட்டத்துல மட்டும்தான் இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வர்ற நாளைக்கு கூட்டிட்டு போனோம், டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சார். 'பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறா'ன்னு தெருவுல பேச்சு வந்தது, அதை அடக்கினது பக்கத்து வீட்டு சத்துணவு ஆயாம்மா, "எனக்கு சுகருக்கு மாத்திரை, அவளுக்கு தூக்கத்துக்கு மாத்திரை, உனக்கு என்னடி?"ன்னு ஒரே போடு. இப்ப 14416க்கு ஃபோன் போட்டாலே தமிழ்ல பேச ஆள் இருக்கு, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல உதவி லைன், 2022ல வந்தது. அப்ப எங்களுக்கு ஆயாம்மாதான்.

போன தை மாசம் ஒரு சனிக்கிழமை மேஸ்திரி ஃபோன். "சார், நம்மாளு இன்னைக்கு கூலி வாங்க வரல, அவங்க பெரியப்பா செத்துட்டாராம், சாவு வீடு." எனக்கு வயித்தை கலக்கிருச்சு. சாவு வீடுன்னா தெரியுமே, பாடை கட்டுறவன்லேர்ந்து குழி வெட்டுறவன் வரைக்கும் எல்லாருக்கும் சரக்கு, வேண்டாம்னு சொன்னா செத்தவருக்கே அவமரியாதைங்குற மாதிரி பேசுவாங்க. பைக்கை எடுத்துட்டு போனேன். தப்பு மேளச் சத்தம் தூரத்துலயே கேக்குது. ஆளு அங்க இல்ல, டீக்கடையில இருந்தார். கடைக்காரர் அண்ணன் கூட்டத்துல தனியா திணறுறாருன்னு பாய்லர் பக்கம் நின்னுக்கிட்டாராம், காலையிலேர்ந்து கிளாஸ் கழுவுறார், விரலெல்லாம் ஊறிப்போயிருந்தது. "மாலையை போட்டுட்டு விழுந்து கும்பிட்டு வந்துட்டேன் சார், சுடுகாடு வரைக்கும் போனா நான் திரும்பி வரமாட்டேன்"ன்னார்.

நானும் பெஞ்சுல உக்காந்தேன். அவரே ஒரு டீ போட்டு குடுத்தார், சர்க்கரை மூணு ஸ்பூன் இருக்கும், வாயில வைக்க முடியல, பாடை தெருமுனை தாண்டுற வரைக்கும் அதையே உறிஞ்சிட்டு இருந்தேன்.