மணிக்கு முயல் கறி

எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு வயிற்றுப்போக்கு; மாத்திரை கொடுத்தால் நிற்கும். மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும். சளி கலந்த கழிச்சல், சில நாள் மஞ்சள் நுரையாக வாந்தி. வைத்த தட்டைக் காலி செய்தும் விலா எலும்பு தெரிந்தது. தயிர் சாதம் மட்டும் போடுங்கள் என்றார் ஒருவர். வேப்பிலையை அரைத்துக் கொடுங்கள் என்றார் இன்னொருவர்.

மருத்துவர் எடுத்தவுடன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கொக்கிப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, உண்ணிக் காய்ச்சல், கணையக் கோளாறு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே நாள்பட்ட குடல் அழற்சி என்றார். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்டதுதானாம். இப்படி வரும் நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை உணவை மாற்றினாலே தேறிவிடும், ஸ்டீராய்டு பிறகு பார்க்கலாம் என்றார். ரத்தத்தில் பி12 குறைந்திருந்ததால் வாரம் ஓர் ஊசி.

உணவுச் சோதனை என்றால், நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து; தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது. மணியோ கோழியும் சோறும் தின்று வளர்ந்தவன். பால், முட்டை, மாட்டுக்கறி எதையும் விட்டுவைத்ததில்லை. புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்டு தீவனத்தின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மிஞ்சியது முயல். பண்ணையில் சொல்லிவைத்து வாங்கி, எலும்பை நீக்கி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பிசைந்து, சிறு சிறு வேளைகளாக வைத்தோம். கொழுப்பு குறைந்த கறி என்பது கூடுதல் நன்மை.

சமையலாவது என் கையில் இருந்தது. வீட்டாரைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு. மாமியார் காலைக் காப்பியோடு அவனுக்கு ஒரு பொறை கொடுத்தே பழகியவர். "வாயில்லா ஜீவன், பாவம்மா" என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பிஸ்கட் வேறு. மொட்டை மாடியில் காக்கைக்கு வைக்கும் சோறு ஒரு பக்கம்; அந்தக் காக்கைகள் எங்கிருந்தோ கவ்வி வந்து போடும் கோழி எலும்பு மறுபக்கம். மாடிக் கதவைப் பூட்டினேன். பொறை டப்பாவில் வேகவைத்து உலர்த்திய முயல் துண்டுகளை நிரப்பி மாமியாரிடமே கொடுத்தேன். கொடுக்கிறவர்க்கும் திருப்தி, வாங்குகிறவனுக்கும் திருப்தி. உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில்கூட இறைச்சிச் சுவை சேர்ப்பதுண்டு என்பதால், அதற்குப் பதில் கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு மாறினோம்.

இரண்டு வாரத்தில் பலன் தெரிய வேண்டும், இல்லையென்றால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள்ளாகவே மலம் கெட்டிப்பட்டு, தரையில் தடம் ஒட்டாமல் எடுக்கும் பதத்துக்கு வந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கணவர் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார்.

அடுத்து, கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். நன்றாக இருக்கிற நாயின் வயிற்றை எதற்குக் கெடுப்பது என்று முரண்டு பிடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். சில நாளிலேயே பழைய கழிச்சல். நிறுத்தியதும் நின்றது. சோறு ஒன்றும் செய்யவில்லை என்பதும் இப்படித்தான் தெரிந்தது. கிழங்குச் செலவு மிச்சம்.

வெறும் கறியும் மாவுச்சத்தும் சோதனைக் காலத்துக்குத்தான் சரி. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம்; துத்தநாகமும் அயோடினும் போதாது. ஆகவே இப்போது மணியின் எடைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த அளவில் கால்சியம் கார்பனேட்டும், சுவை சேர்க்காத வைட்டமின், தாது உப்புத் தூளும் தட்டில் சேர்கின்றன. பண்ணையில் முயல் கிடைக்காத வாரங்களுக்காக ஃப்ரீசரில் ஓர் அடுக்கு முழுக்க அவனுக்கே. ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று வீட்டில் இன்னும் புகார்.